வாழைப்பழத்து இலையானும் நம் வீட்டுக் கலியாணமும்

கோடை காலத்தில் குசினி மேசையில் வாழைப்பழச் சீப்பு ஒன்றை இரண்டு நாள் விட்டு வையுங்கள். மூன்றாம் நாள் எங்கிருந்தோ வந்த குட்டி இலையான்கள் அதைச் சுற்றிப் பறக்கும். உடம்பு மண்ணிறம், கண் சிவப்பு, அளவு எள்ளை விடச் சற்றுப் பெரிது. கையால் விசுக்கிக் கலைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் பரம்பரையைப் பற்றி அறிவியல் உலகம் இன்று அறிந்திருப்பதில் முக்கியமான ஒரு பகுதியை இந்த இலையானிடமிருந்து கற்றுக்கொண்டது என்றால் நம்புவீர்களா?

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. சங்கத்தின் ஒன்றுகூடல் ஒன்றில் ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். “தங்கச்சி, நீர் மரபணுப் பாடம் படிச்சனீர்தானே. என்ர பொடியனுக்கு என்ர தமையன்ர மகளைப் பேசலாமெண்டு இருக்கிறம். ரெண்டு பேருக்கும் விருப்பம். ஆனா இஞ்ச பிறந்த என்ர மகள் சண்டை பிடிக்கிறாள், சொந்தத்துக்கை முடிச்சாப் பிள்ளையள் வருத்தத்தோட பிறக்குமாம் எண்டு. எங்கட அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள்தானே, நாங்கள் நல்லாத்தானே இருக்கிறம்?”

அம்மா சொல்வதிலும் உண்மை உண்டு, மகள் சொல்வதிலும் உண்மை உண்டு. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வாழைப்பழத்து இலையானிடம் போக வேண்டும்.

எந்த இலையான்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அவுஸ்திரேலியாவில் சில மாநில எல்லைகளைக் காரில் கடக்கும்போது பழங்களைத் தொட்டியில் போடச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். அது நல்ல பழத்தைத் துளைத்து முட்டையிட்டுப் பயிரை அழிக்கும் வேறொரு பூச்சிக்காக. நாம் பேசுவது கனிந்து புளிக்கும் பழத்தை நாடி வரும் சிறிய இலையானைப் பற்றி. அதன் அறிவியற் பெயர் டிரொசோபிலா மெலனோகாஸ்டர்.

விஞ்ஞானிகள் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. ஒரு சிறு போத்தலில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். முட்டை பத்து நாளில் முழு இலையானாகிவிடும். நம்மில் இரண்டு தலைமுறையைப் பார்க்க அரை நூற்றாண்டு வேண்டும். இலையானில் மூன்று வாரம் போதும். அதற்கு நான்கு சோடி நிறமூர்த்தங்கள் மட்டுமே உண்டு. குரோமோசோம் என்று இப்போது பரவலாகச் சொல்வதைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் நிறமூர்த்தம் என்று படித்தோம். நமக்கு அது 23 சோடி.

1910இல் நியூயோர்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோர்கன் என்பவர் தமது போத்தல்களில் வெள்ளைக் கண்ணுடைய ஆண் இலையான் ஒன்றைக் கண்டார். மற்றவற்றுக்கெல்லாம் கண் சிவப்பு. அதை இணைசேர்த்துப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தபோது, அந்தக் குறை பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ் நிறமூர்த்தத்தோடு சேர்ந்தே பயணிப்பது தெரியவந்தது. மரபணுக்கள் நிறமூர்த்தங்களில் அமர்ந்திருக்கின்றன என்பதற்குக் கிடைத்த உறுதியான சான்று இதுவே. மோர்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வெள்ளைக் கண்ணில் நடந்தது என்ன? கண்ணுக்கு நிறப்பொருளைக் கொண்டு சேர்க்கும் புரதத்தைச் செய்ய வேண்டிய மரபணு செயலிழந்து போயிருந்தது. இப்படி ஒரு மரபணுவை முடக்கிவிடும் மாற்றத்தையே முடக்கும் விகாரம் என்கிறோம்.

மரபணு எப்படி முடங்குகிறது?

மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான எழுத்துக் குறிப்பு. உடல் அந்தக் குறிப்பை மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கிறது. ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

குளம் அருகே மரம் பழம் தரும்.

ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்து. இப்போது ‘ள’ என்ற ஒரே ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, மீண்டும் மூன்று மூன்றாகப் பிரித்து வாசியுங்கள்.

கும்அ ருகேம ரம்ப ழம்த ரும்.

ஓர் எழுத்துத்தான் போனது. அதற்குப் பிறகு வந்த அத்தனையும் அர்த்தமிழந்துவிட்டது. மரபணு முடங்கும் ஒரு வழி இது. இன்னொரு வழி, வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி விழுவது. அப்போது புரதம் பாதியில் நின்றுவிடும். மூன்றாவது வழி, குறிப்பின் ஒரு துண்டே காணாமற் போவது.

நான்காவது வழி விசித்திரமானது. டி.என்.ஏயில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் உள்ளன. ஒரு சமையற் குறிப்பின் நடுவில் வேறெங்கோ இருந்த பத்திரிகைப் பக்கம் ஒன்று வந்து செருகிக்கொள்வதைப் போல, இவை ஒரு மரபணுவின் நடுவே போய் உட்கார்ந்து அதைக் கெடுத்துவிடும். மோர்கனின் வெள்ளைக் கண் இலையானுக்கு நேர்ந்ததும் இதுதான் என்று பின்னாளில் கண்டறிந்தார்கள். ‘பி’ என்று பெயரிட்ட தாவும் துண்டு ஒன்று இருபதாம் நூற்றாண்டில்தான் வேறொரு இலையான் இனத்திலிருந்து இந்த இனத்துக்குள் புகுந்தது. சில பத்தாண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிவிட்டது. 1950க்கு முன் பிடித்து ஆய்வுகூடங்களில் வளர்த்துவந்த பழைய பரம்பரைகளில் அது இல்லை. இன்று தோட்டத்தில் பிடிக்கும் இலையான்களில் உண்டு. ஒரு உயிரினத்தின் மரபுத்தொகுதி நம் கண் முன்னாலேயே மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒளிந்திருக்கும் குறைகள்

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. (எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றே உள்ள ஆண்களில் இது சற்று வேறுபடும்.) பெரும்பாலான மரபணுக்களில் ஒரு பிரதி முடங்கினாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். வீட்டுத் திறப்பு இரண்டில் ஒன்று தொலைந்தாலும் மற்றதை வைத்துக் கதவைத் திறப்பது போலத்தான். இரண்டும் தொலைந்தால்தான் வாசலில் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட குறைகளைப் பின்னிடைவானவை என்கிறோம்.

இந்த ஒளிந்த குறைகள் இயற்கையில் எவ்வளவு உள்ளன? தியோடோசியஸ் டொப்சான்ஸ்கி முதலான ஆய்வாளர்கள் காட்டு இலையான்களைப் பிடித்துவந்து பரிசோதித்தார்கள். ஒரு காட்டு இலையானின் ஒரேயொரு நிறமூர்த்தத்தை எடுத்து, சில தலைமுறை இணைசேர்ப்பின் மூலம் அதே நிறமூர்த்தம் இரண்டு பிரதிகளாக அமையும் பிள்ளைகளை உருவாக்கினார்கள். கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் அப்படி வர வேண்டும். பல குடும்பங்களில் அந்த மூன்றில் ஒரு பங்கு வரவே இல்லை. அவை முட்டையிலோ புழுவிலோ இறந்துவிட்டன. பெரிய நிறமூர்த்தங்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை, இரட்டையானால் உயிரைக் கொல்லும் குறை ஒன்றையாவது சுமந்திருந்தன.

வெளியே பார்த்தால் இந்த இலையான்கள் நல்ல ஆரோக்கியமானவை. பறக்கின்றன, உண்கின்றன, முட்டையிடுகின்றன. ஆரோக்கியமாக இருப்பது வேறு, உள்ளே குறை எதுவும் இல்லாமல் இருப்பது வேறு என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டின.

“தகுதியற்றதை இயற்கை களைந்துவிடும் என்கிறார்களே, இவை ஏன் போகவில்லை?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிரதியாக ஒளிந்திருக்கும்வரை இயற்கைத் தேர்வின் கண்ணில் அது அநேகமாகப் படுவதில்லை. இரண்டு பிரதிகள் சேரும் அரிய தருணத்தில்தான் அகப்படுகிறது. ஒரு பக்கம் பழையவை மெல்லக் கழிய, மறுபக்கம் புதியவை பிறந்துகொண்டே இருக்கும். மனிதரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிலும் தாய் தந்தையிடம் இல்லாத 60 முதல் 70 வரையான புதிய எழுத்து மாற்றங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை.

இழப்பும் சில வேளை இலாபம்

முடங்கிய மரபணு என்றாலே கேடு என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

இந்து சமுத்திரத்தில் செய்செல்ஸ் தீவுகளில் டிரொசோபிலா செசெல்லியா என்ற இலையான் வாழ்கிறது. ‘நோனி’ என்று போத்தலில் அடைத்து விற்கிறார்களே, அந்தப் பழமே அதன் உணவு. நம் ஊர்களில் நுணா, மஞ்சணத்தி என்று சொல்லும் மரங்களின் இனம் அது. நோனிப் பழத்தில் உள்ள அமிலம் மற்ற இலையான்களைக் கொன்றுவிடும். இதற்கு ஒன்றும் செய்வதில்லை. இதன் மரபுத்தொகுதியை நெருங்கிய உறவான இன்னொரு இலையானோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளியானது. மணத்தையும் சுவையையும் உணரும் மரபணுக்களை இது சுமார் பத்து மடங்கு வேகமாக இழந்து வருகிறது என அதில் கண்டார்கள். ஒரே பழத்தை நம்பி வாழ்பவனுக்குப் பல பழங்களின் மணம் எதற்கு? பயன்படாத கருவி துருப்பிடித்துப் போகிறது. தீவில் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் தற்செயலாகவும் குறைகள் நிலைத்துவிடுகின்றன. இந்த இரண்டாவது காரணத்தை நினைவில் வைத்திருங்கள். சிறிய சமூகங்களுக்கு அது பொருந்தும்.

இரண்டாவது உதாரணம் நம் வாழைப்பழத்து இலையானே. அதில் ஒரு மரபணுவின் நடுவே தாவும் துண்டு ஒன்று செருகிக்கொண்டு அதன் பழைய வேலையைக் கெடுத்துவிட்டது. கெட்டுப்போன அந்த வடிவத்தைச் சுமக்கும் இலையான்கள் ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைத் தாங்கிக்கொள்கின்றன என்று 2005இல் கண்டார்கள். இலையானைத் தாக்கும் ஒரு வைரசுக்கு எதிராகவும் அதே மாற்றம் காப்பாகிறது என்பது 2011இல் தெரிந்தது. கெட்ட பிரதி இப்போது இலையான் கூட்டங்களில் பரவலாக உள்ளது.

மூன்றாவது உதாரணம் மனிதர். பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவின் ஒரு பிரதி முடங்கியவர்களுக்கு இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் குறைவாக இருந்தது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அந்தக் குறையுள்ள கறுப்பின மக்களிடம் மாரடைப்பு போன்ற இருதய நோய் 88 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அந்த முடக்கத்தை மருந்தால் செய்து காட்டும் ஊசிகள் 2015இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றன. 

நம்மிடம் எத்தனை?

இலையானைப் பற்றிப் பேசியது போதும், நம்மைப் பார்ப்போம். பல நாட்டு மக்களின் மரபுத்தொகுதிகளை ஆராய்ந்த குழு 2012இல் ஒரு கணக்கை வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமான ஒரு மனிதரிடம் மரபணுவை முடக்கும் மாற்றங்கள் சுமார் 100 உண்டு. சுமார் 20 மரபணுக்கள் இரு பிரதியும் முடங்கிய நிலையிலேயே உள்ளன. அவை இல்லாமலும் நாம் நன்றாகவே வாழ்கிறோம். மிகுதியில் ஒரு சில மட்டும், அதே குறை இன்னொரு பிரதியிலும் சேர்ந்தால் கடும் நோயைத் தரக்கூடியவை.

ஆகவே “எங்கள் குடும்பத்தில் குறையே இல்லை” என்று எவரும் சொல்ல முடியாது. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, உங்கள் வருங்காலச் சம்பந்திக்கும் உண்டு. கேள்வி ஒன்றுதான்: கலியாணம் செய்யும் இருவரிடமும் ஒரே குறை இருக்கிறதா?

மச்சான், மச்சாள் கணக்கு

ஒரு தாத்தாவிடம் ஒரு மரபணுவின் ஒரு பிரதி முடங்கியிருக்கிறது என்று வையுங்கள். அது ஒரு பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 2இல் 1. பேரப்பிள்ளைக்கு 4இல் 1. அவருடைய மகன் வழிப் பேத்தியும் மகள் வழிப் பேரனும் கலியாணம் செய்தால், இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு 16இல் 1. இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இரு பிரதியும் முடங்கிப் பிறக்கும் வாய்ப்பு 4இல் 1. பெருக்கினால் 64இல் 1. தமிழ்நாட்டில் சில சமூகங்களில் உள்ள தாய்மாமன் திருமணத்தில் இது 32இல் 1 ஆகும். உறவே இல்லாத இருவர் ஒரே அரிய குறையைச் சுமப்பது இதைவிட மிகக் குறைவு.

இது ஒரு குறைக்கான கணக்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன? உறவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவியிலேயே கடுமையான குறைபாடு இருக்கும். மச்சான், மச்சாள் பெற்றோரானால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகி 4 முதல் 6 ஆகிறது. திருப்பிச் சொன்னால், 100இல் 94 பிள்ளைகளுக்கு மேல் அப்படியான குறைபாடு இன்றிப் பிறக்கிறார்கள். அந்த அம்மாவின் குடும்பம் நன்றாக இருப்பதில் அதிசயம் இல்லை. அதே வேளை மகளின் பயமும் வீண் பயம் இல்லை.

மேலும் இரண்டு விடயம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் நடந்திருந்தால் ஆபத்து இந்தக் கணக்கைவிடக் கூடும். அந்த அம்மாவின் பெற்றோரும் மச்சான், மச்சாள் என்பதால் அவருடைய மகனின் விடயத்தில் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்து, சொந்தமே இல்லை என்றாலும் ஒரே ஊர், ஒரே சாதி என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் கலியாணங்களில் பல தலைமுறைக்கு முந்திய பொது முன்னோர் இருக்கலாம். செய்செல்ஸ் இலையான் சொல்லும் பாடம் இதுதான்: வட்டம் சிறிதானால் குறைகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு அதிகம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, குடும்ப வரலாற்றை மறைக்காமல் பேசுங்கள். “பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் கைக்குழந்தையிலேயே தவறிப்போனதுகள்” என்பதை நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதில்லை. காது கேளாமை, வளர்ச்சிக் குறைவு, தசை பலவீனம், காரணம் தெரியாத குழந்தை மரணம் என்பவை ஒரு டொக்டருக்கு மிக முக்கியமான தகவல்கள். ஊரில் உள்ள மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாவது, தலசீமியா. ஈமோகுளோபினைச் செய்யும் மரபணு பலவீனப்படுவதால் அல்லது முடங்குவதால் வரும் நோய் இது; தென்னாசியரிடையே சாதாரணம். ஒரு பிரதி மட்டும் குறையுள்ளவருக்கு இலேசான இரத்தச்சோகை தவிர வேறொன்றும் தெரியாது. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. அதனால்தான் வெப்ப நாடுகளில் அது நிலைத்தது. ஆனால் இருவரும் சுமப்பவர்களானால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் செங்குழியம் சிறிதாக இருக்கிறது என்று சொன்னால், இரும்புக் குளிசையை மட்டும் விழுங்கிக்கொண்டிராமல் தலசீமியாவுக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, பிள்ளை பெறத் திட்டமிடும் தம்பதிகள் முன்கூட்டியே குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். அவுஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 1 முதல் சிஸ்டிக் பைப்ரோசிஸ், முதுகெலும்புத் தசைநலிவு, பிரஜைல் எக்ஸ் என்னும் மூன்று நோய்களுக்கான சுமப்பவர் பரிசோதனைக்கு மெடிகெயர் உதவி கிடைக்கிறது. இந்த மூன்றோடு எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்கள் அதைத் தயங்காமல் வைத்தியரிடம் சொல்லி, மரபியல் ஆலோசகரிடம் அனுப்பும்படி கேட்கலாம். பல நூறு மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் பரிசோதனைகளும் இன்று உள்ளன. ‘மெக்கென்சீஸ் மிஷன்’ என்ற அவுஸ்திரேலிய ஆய்வில் 9,000க்கும் மேற்பட்ட தம்பதிகளின் 1,200க்கும் அதிகமான மரபணுக்களைப் பார்த்தபோது, சுமார் 1.9 சதவீதத் தம்பதிகளுக்குத் தங்கள் பிள்ளைக்கு ஆபத்துக் கூடியிருப்பது புதிதாகத் தெரியவந்தது. சொந்தத்தில் முடிக்காதவர்களும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

நான்காவது, ஒரு பிள்ளை வருத்தத்தோடு பிறந்தால் தாயைக் குறை சொல்வதை நிறுத்துவோம். பின்னிடைவான நோய் வர இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பிரதி வர வேண்டும். “அவள் வந்த நேரம்” என்பதற்கும் கிரக பலனுக்கும் இதில் வேலையில்லை.

அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் இதைத்தான். கலியாணத்தைச் செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. அது பிள்ளைகள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் சாதகத்தைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள் அல்லவா, இரத்தத்தைப் பார்க்கவும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தன் தாய்க்குத் தனக்கு முன் ஒரு குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் இறந்ததை அப்போதுதான் சொன்னார். அதை மகனிடமும் மருமகளாக வரப்போகிறவரிடமும் சொல்லி, மூவருமாக வைத்தியரிடம் போவதாகச் சொல்லிச் சென்றார்.

(இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் குடும்ப நிலைக்கேற்ற ஆலோசனையை உங்கள் வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.)